பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் சமமாக ஆடும் பிரெய்ல் சொல் விளையாட்டு: எப்படி வடிவமைக்கலாம்?

சொல்லாடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தமிழில் ஒரு சொல் விளையாட்டு வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்காமல் ஆட வேண்டும். எனக்குப் பார்வை உண்டு. பிரெய்லைக் கண்ணால் பார்த்து எழுத்துக்கூட்டுவேன், விரலால் படிக்க வராது.

இதுவரை யோசித்து வைத்திருப்பது: 15க்கு 15 கட்டங்கள் கொண்ட பலகை, எழுத்துக் காய்கள், காயின் மேல் அச்செழுத்தும் பிரெய்லும். ஆனால் 247 எழுத்துக்கும் காய் செய்ய முடியாது. உயிர்மெய்யை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நிற்கிறேன். இன்னொன்று, இரட்டை மதிப்பெண் கட்டங்களை வண்ணத்துக்குப் பதில் சொரசொரப்பான தாள் ஒட்டிக் காட்டினால் போதுமா? பிரெய்ல் படிப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள், நிரல் எழுதுபவர்கள் எல்லாரும் வாருங்கள்.

ஏட்டுப்பலகை

பிரெய்ல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். முதல் கேள்விக்கு விடை பிரெய்லிலேயே இருக்கிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லில் உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது. 'கை' என்றால் க, அடுத்து ஐ. 'கொ' என்றால் க, அடுத்து ஒ. அச்சில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் போய் நிற்பது போன்ற தொல்லை இதில் இல்லை, ஒலிக்கும் வரிசையில் அப்படியே வரும். சொல்லின் நடுவே உயிரெழுத்து தனித்து நிற்பது தமிழில் அபூர்வம் என்பதால் குழப்பமும் வராது.

ஆக 12 உயிர், 18 மெய், ஆய்தம், புள்ளி. மொத்தம் 32 வகைக் காய்கள். அவ்வளவுதான். புள்ளி என்று நான் சொல்வது மெய்யின் தலையில் வைக்கிற புள்ளி. ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு பிரெய்ல் எழுத்துக் கட்டத்தைச் செல் என்போம். பிரெய்லில் மெய்யின் புள்ளி என்பது 4ஆம் புள்ளி (வலப்பக்கம் மேலே உள்ளது) மட்டும் உள்ள தனி செல், அதுவும் மெய்க்கு முன்னால் வரும். 'அம்மா' என்ற சொல்லுக்கு அ, புள்ளி, ம, ம, ஆ என்று 5 காய் தேவை. அகரம் சொல்லின் முதலில் மட்டுமே எழுதப்படுவதால் 'அ' காய் கொஞ்சம் போதும். புள்ளிக் காய்தான் நிறைய வேண்டும்.

விரல்நுனி

பிறவியிலேயே பார்வையில்லாதவன். பிரெய்ல் என் முதல் எழுத்து. சொல்லாடி கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

15க்கு 15 என்றால் 225 கட்டங்கள். பார்வையுள்ளவர் தலையைத் தூக்கிய உடனே அத்தனையும் தெரிந்துவிடும். நான் வரி வரியாகத் தடவி, எங்கே என்ன இருக்கிறது என்று மனதில் ஏற்றி, அதைப் பிடித்து வைத்துக்கொண்டே சொல்லும் தேட வேண்டும். எதிராளி ஒரு சொல் வைத்ததும் மறுபடி தடவ வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. பிரெய்ல் ஸ்கிராபிள் ஆடியிருக்கிறேன், காய் நகராமல் உட்காரும் குழிகளோடு நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் என் மூளையில் பாதி பலகையைச் சுமப்பதற்கே செலவாகிறது. எதிராளியின் மூளை முழுவதும் சொல்லுக்குச் செலவாகிறது. இதைச் சமம் என்று சொல்ல மாட்டேன்.

சொரசொரப்பான தாள் பற்றி: ஒட்டலாம், ஆனால் மேலே காய் வைத்ததும் அது மறைந்துவிடும். கண்ணுக்குக் காயின் ஓரத்தில் வண்ணம் கசிந்து தெரியும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. குறியைக் கட்டத்தின் விளிம்பில் வையுங்கள்.

பெரும்பாலான 'அணுகத்தக்க' விளையாட்டுகள் கண்ணுக்காகச் செய்யப்பட்டு, கடைசியில் பிரெய்ல் ஒட்டப்பட்டவை. 2019இல் வந்த பிரெய்ல் ஊனோ சீட்டுக்கட்டை வரவேற்றேன், இன்றும் ஆடுகிறேன். ஆனால் அதில் பிரெய்ல் ஒரு பெயர்ச்சீட்டு. பிரெய்லே விளையாட்டின் மூலப்பொருளாக இருக்கும் ஒன்றை ஏன் செய்யக்கூடாது? ஆறு புள்ளிகள், 64 சேர்க்கைகள். அதற்குள்ளேயே எவ்வளவோ விளையாட்டு இருக்கிறது.

மாலைவெளிச்சம்

எனக்குக் குறைபார்வை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். வெள்ளைக் காயில் வெள்ளைப் புள்ளி என்றால் எனக்கு மட்டுமல்ல, நல்ல பார்வை உள்ளவருக்கும் நிழல் விழுந்தால்தான் தெரியும். மேட்டின் மேலேயே அடர் மை இருக்கட்டும், அடித்தளம் வெளிர் நிறத்தில், பளபளப்பு இல்லாமல் இருக்கட்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், விளக்கொளி பட்டால் முழுக் காயும் வெள்ளையாகிவிடும்.

ஏட்டுப்பலகை

விரல்நுனி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அச்செழுத்தே இல்லாத விளையாட்டு என்று போய்விடக் கூடாது. பார்வையில்லாத ஒரு குழந்தை தன் வீட்டில் உள்ளவர்களோடுதான் முதலில் ஆடும். அவர்களில் யாருக்கும் பிரெய்ல் தெரிந்திருக்காது. அச்சு இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். லெகோ பிரெய்ல் கட்டைகளைப் பாருங்கள், குமிழ்களே பிரெய்ல் புள்ளிகள், கீழே அச்செழுத்து. 2023 முதல் கடைகளில் விற்கிறார்கள். தாங்களாகவே பிரெய்ல் கற்றுக்கொள்ளும் பெற்றோரை அது உருவாக்குகிறது.

இன்னொரு விஷயம், இது முக்கியம். தனிக் காயில் ஒரு செல் மட்டும் இருந்தால் எது மேல், எது கீழ்?

செல்லில் புள்ளிகளின் எண்கள் இப்படி: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. ல என்பது 1-2-3. காயைத் தலைகீழாகத் திருப்பினால் 4-5-6, அது ள. இப்படியே இ திரும்பினால் ஈ, ஏ திரும்பினால் எ, ஓ திரும்பினால் ஔ, ப திரும்பினால் ண, ம திரும்பினால் ங, ழ திரும்பினால் ற. சொல் விளையாட்டில் லகர ளகரமும் குறில் நெடிலும் இடம் மாறினால் என்ன மிஞ்சும்?

திருப்பாவிட்டாலும் சிக்கல் உண்டு. ச 1-4, ஞ 2-5. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்தான், உயரம் மட்டும் வேறு. வரியில் படிக்கும்போது அண்டை எழுத்தை வைத்து உயரம் தெரியும். தனிக் காயில் தெரியாது. அ என்பது 1, மெய்ப்புள்ளி 4, ஆய்தம் 6. மூன்றும் ஒற்றைப் புள்ளி. இவற்றைத் தொட்டுப் பார்த்து எது எதுவென்று யார் சொல்ல முடியும்?

ஆகவே ஒவ்வொரு காயிலும் செல்லைச் சுற்றி மெல்லிய மேடான சட்டம் வேண்டும், அல்லது அடியில் ஒரு மேட்டுக்கோடாவது வேண்டும். மேல் வலது மூலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். கையில் எடுத்த உடனே திசை தெரியும்.

சொல்லாடி

டீச்சர், இந்தத் தலைகீழ்ப் பட்டியலைப் படித்துவிட்டு ஒவ்வொன்றாக வரைந்து பார்த்தேன். த, ஞ, ஊ, ஐ, ஒ ஐந்தும் திருப்பினாலும் அதேதான். இதையே ஒரு விதியாக்கினால் என்ன? உன் முறையில் ஒரு காயைத் தலைகீழாகத் திருப்பி வேறு எழுத்தாக்கலாம் என்று?

விரல்நுனி

செய்யுங்கள்! இதைத்தான் சொன்னேன். தமிழ் அச்செழுத்தில் அப்படி ஒரு நகர்த்தல் வராது. பிரெய்லில்தான் வரும்.

அதைவிட எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். புள்ளி ஏணி. ஒரு அடியில் ஒரு சொல்லில் ஒரே ஒரு புள்ளியைச் சேர்க்கலாம் அல்லது எடுக்கலாம். ஒவ்வொரு அடியிலும் கிடைப்பது பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். ஓரெழுத்தை மாற்றி மாற்றிச் சொல்லேணி ஏறும் விளையாட்டு 1870களிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. இது அதை எழுத்துக்குள்ளே, புள்ளி வரைக்கும் கொண்டுபோவது.

க 1-3. ல 1-2-3. அதோடு 5 சேர்த்தால் ர. அதோடு 6 சேர்த்தால் ழ. க-வோடு 4 சேர்த்தால் ம. இவ்வளவு போதும்: கலை, கரை, கழை, மழை. மூன்று அடிகளில் கலையிலிருந்து மழைக்கு வந்துவிட்டோம். வலி, வரி, வழி என்று இன்னொன்று.

உயிர்களில் இன்னும் வளம். உ-வோடு 4 சேர்த்தால் ஒ: குடை கொடையாகும், முழி மொழியாகும். ஏ-யோடு 3 சேர்த்தால் ஓ: தேள் தோளாகும், தேடு தோடாகும். ஐ-யோடு 5 சேர்த்தால் ஆ: 'வை' என்பது 'வா' ஆகும். ஈ-யோடு 4 சேர்த்தாலும் ஆ: நீர் நாராகும்.

இதற்குப் பலகை வேண்டாம். நினைவில் வைக்க வேண்டியது ஒரு சொல் மட்டும். ஆறு புள்ளிகளையும் மனதில் வைத்து ஆடும் எனக்கும், தாளில் வரைந்து ஆடும் உங்களுக்கும் வேலை ஒன்றுதான்.

புதுப்பக்கம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நடுவயதில் பார்வை போனது. பிரெய்ல் கற்றுக்கொண்டிருக்கிறேன், விரல் இன்னும் பழகவில்லை. அட்டவணை தெரியும், எண்களைச் சொன்னால் எழுத்தைச் சொல்லிவிடுவேன், ஆனால் தாளில் தொட்டால் எல்லாம் ஒரே மேடாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறோம். பார்வையற்றவர் என்றாலே பிரெய்ல் சரளமாக வரும் என்று வைத்துக்கொண்டு வடிவமைத்தால் நாங்கள் வெளியே நிற்போம். கண்ணுள்ளவர் அச்சைப் படிப்பார், விரல்நுனி போன்றவர்கள் பிரெய்லைப் படிப்பார்கள், நாங்கள் எதைப் படிப்பது?

நேரக் கணக்கு வைத்தால் இன்னும் மோசம்.

விரல்நுனி

அக்கா சொல்வது சரி. நேரக் கட்டுப்பாடு வேண்டாம், எனக்கும் வேண்டாம். மணல் கடிகாரம் எவ்வளவு மீதி என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏட்டுப்பலகை

புதுப்பக்கம், உங்கள் கேள்வியை வைத்தே பொருளை வடிவமைக்கலாம். வழக்கமான பிரெய்லில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர், உயரம் அரை மில்லிமீட்டர் அளவு. விரல் நுனியில் ஒரு செல் முழுதாக அடங்க வேண்டும் என்பதற்கான அளவு அது. புதிதாகக் கற்பவருக்கு அது மிகச் சிறியது. வகுப்பில் ஆறு குழிகளும் செருகும் குமிழ்களும் உள்ள கட்டையைத்தான் முதலில் கையில் கொடுப்போம். புள்ளி ஏணிக்கு அதுவே பொருந்தும். ஒரு கட்டை ஒரு செல். நான்கைந்து கட்டைகளை ஒரு தண்டவாளத்தில் கோர்த்தால் ஒரு சொல். நகர்த்தல் என்பது ஒரு குமிழைச் செருகுவது அல்லது பிடுங்குவது. கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்.

விரல்நுனி

பெரிய செல்லை என்னால் ஒரே தொடுதலில் படிக்க முடியாது, ஒவ்வொரு குமிழாக எண்ண வேண்டும். வேகமாகப் படிப்பவருக்கு அது சுமை. ஆனால் இதற்கு ஒரு வழி உண்டு, எல்லா விளையாட்டுக்கும் இதை முதல் விதியாக வைக்கச் சொல்வேன்: ஆடுபவர் தன் நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இரண்டாவது செல், 5 சேர்க்கிறேன், கலை கரையாகிறது." எல்லாரும் சொல்ல வேண்டும், பார்வையுள்ளவர் இருவர் மட்டும் ஆடினாலும். "இதோ இங்கே வைத்தேன்" என்று யாரும் சொல்லக் கூடாது. இப்படிச் சொல்லிவிட்டால் நான் கட்டையைத் தொடவே தேவையில்லை. புதுப்பக்கம் அக்காவும் எண்களை வைத்தே ஆடலாம், விரல் மெல்லப் பழகட்டும்.

மாலைவெளிச்சம்

வாய்விட்டுச் சொல்லும் விதி எனக்கும் பெரிய உதவி. எத்தனையோ ஆட்டங்களில் "இப்போ என்ன நடந்தது?" என்று கேட்பது நான் ஒருத்தி மட்டும்தான்.

நிரல்காரன்

செயலி பக்கத்திலிருந்து. 2021இல் 'வேர்டில்' என்ற சொல் ஊகிக்கும் இணைய விளையாட்டு பரவியபோது விடைகளை வண்ணச் சதுரங்களாகப் பகிர்ந்தார்கள், நினைவிருக்கும். திரையில் உள்ளதை ஒலியாகப் படிக்கும் திரை வாசிப்பான் அந்தச் சதுரம் ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாகப் படித்துக்கொண்டே போகும், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. வண்ணத்தில் சொல்லும் எதையும் சொல்லிலும் சொல்ல வேண்டும்: "க, சரி. லை, இடம் மாறியது." அதுவும் கேட்டால் சொல்ல வேண்டும், ஒவ்வொரு விசைக்கும் பேசினால் விளையாட்டு காதுக்கு இரைச்சலாகிவிடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. 'அம்மா' எத்தனை எழுத்து? ஆடுபவருக்கு 3. யூனிகோடில் 5 குறியீடுகள். பிரெய்லிலும் 5 செல்கள், ஆனால் வரிசை வேறு. யூனிகோடில் புள்ளி மெய்க்குப் பின்னால், பிரெய்லில் முன்னால். கணினியின் நீளக் கணக்கை நம்பி "5 எழுத்துச் சொல்" என்று கேட்டால் இருவருக்கும் வேறு வேறு கேள்வி போய்ச் சேரும். என் யோசனை: கேள்வியில் எழுத்து எண்ணிக்கை, செல் எண்ணிக்கை இரண்டையும் சொல்லிவிடுங்கள். "3 எழுத்து, 5 செல்." இருவருக்கும் அது கூடுதல் துப்பு.

யூனிகோடில் பிரெய்ல் வடிவங்களுக்குத் தனி இடம் உண்டு, எட்டுப் புள்ளி வகையும் சேர்த்து 256. திரையில் பார்வையுள்ளவருக்கு அதைக் காட்டலாம். பிரெய்ல் டிஸ்பிளே வைத்திருப்பவரின் விரலுக்கு அதே புள்ளிகள் எழும்பும். மொழிபெயர்ப்பு அட்டவணையை நாமே எழுத வேண்டியதில்லை, லிப்லூயி என்ற திறந்த மூல நிரலகத்தில் தமிழுக்கு உண்டு. உள்ளீட்டுக்கு விசைப்பலகையின் எஃப், டி, எஸ் ஆகிய விசைகளை 1, 2, 3 ஆகவும் ஜே, கே, எல் ஆகியவற்றை 4, 5, 6 ஆகவும் வையுங்கள். பெர்கின்ஸ் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரத்தில் தட்டிப் பழகியவர் யோசிக்காமலே தட்டுவார். பார்வையுள்ளவருக்கும் பிரெய்ல் கற்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

சொல்லாடி

பலகையைக் கைவிடுகிறேன். புள்ளி ஏணியும் காய் திருப்பலும்தான் இனி விளையாட்டு. காய்களைப் பையில் போட்டுக் குலுக்கி எடுக்கும் வழக்கம் மட்டும் இருக்கலாமா?

விரல்நுனி

கூடாது. பைக்குள் கைவிட்டால் எனக்கு எல்லாக் காயும் தெரியும், பிடித்ததை எடுத்துவிடுவேன். நான் நேர்மையாக ஆடினாலும் விரல் படித்துவிடும், படிக்காதே என்று அதற்குச் சொல்ல முடியாது. காயின் முதுகு வழவழப்பாக இருக்கட்டும். மேசையில் கவிழ்த்துப் பரப்பி, முதுகை மட்டும் தொட்டு எடுக்கலாம். மூலை வெட்டு எல்லாக் காயிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது.

கையில் உள்ள காய்களை எதிராளி எட்டிப் பார்க்காமல் மறைக்கும் தட்டியும் வேண்டும். எனக்கு அது தேவைப்படாது என்று நினைத்து விட்டுவிடுவார்கள், பார்ப்பது எதிரில் இருப்பவர்தானே.

ஏட்டுப்பலகை

முப்பரிமாண அச்சில் காய் செய்வதாக இருந்தால் படுக்கவைத்து அச்சிடாதீர்கள், புள்ளியின் தலை படிக்கட்டு போல் வரும், விரல் எரியும். நிற்கவைத்து அச்சிட்டால் மேடு உருண்டையாக வரும்.

சொல்லாடி

அச்செழுத்து பற்றி இப்படி முடிவு செய்கிறேன்: காயின் கீழ்ப்பகுதியில் அச்சு இருக்கும், அதை மூடும் ஒரு நழுவு தட்டும் இருக்கும். வீட்டில் முதன்முதலாக ஆடுபவர்கள் திறந்து வைத்து ஆடலாம். பழகிய பின் மூடிக்கொள்ளலாம். மூடினால் பார்வையுள்ளவரும் புள்ளியைத்தான் படிக்க வேண்டும். விரல்நுனிக்கும் டீச்சருக்கும் சம்மதமா?

விரல்நுனி

சம்மதம். மூடி ஆடுபவருக்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் தர வேண்டாம். பிரெய்ல் படிப்பதைச் சாகசமாகக் காட்ட வேண்டியதில்லை.

ஏட்டுப்பலகை

எனக்கும் சம்மதம். பெட்டிக்குள் பிரெய்ல் அட்டவணை ஒன்றும், விதிகள் பிரெய்லிலும் பெரிய அச்சிலும் ஒலிப்பதிவிலும் இருக்கட்டும். காய்கள் அணுகத்தக்கதாக இருந்து விதிப்புத்தகம் சிறு அச்சில் மட்டும் வரும் பெட்டிகளைப் பார்த்துச் சலித்துவிட்டது.

சொல்லாடி

முதல் சோதனைக் கேள்வி, எல்லாருக்கும்: 'கலை'யிலிருந்து 'நரை'க்கு, ஒரு அடிக்கு ஒரு புள்ளி. ந என்பது 1-3-4-5.

புதுப்பக்கம்

கலை, கரை, மரை, நரை. திருகு மரையை ஏற்பீர்கள்தானே? கட்டை எதையும் தொடாமல் எண்களை வைத்தே போட்டேன்.

மாலைவெளிச்சம்

நான் கலை, மலை, மரை, நரை என்று போனேன். அதுவும் மூன்று அடிதான். இரண்டு பேருக்கும் மதிப்பெண் உண்டா, முதலில் சொன்னவருக்கு மட்டுமா?

சொல்லாடி

இரண்டு பேருக்கும் உண்டு. முதலில் சொன்னவருக்கு என்று வைத்தால் மறுபடி நேரப் போட்டியாகிவிடும். குறைந்த அடிகளில் முடிக்கும் ஒவ்வொருவருக்கும் முழு மதிப்பெண். மரையும் ஏற்கப்படும், அகராதியில் உள்ள எந்தச் சொல்லும் செல்லும்.